குணவதியின் பிறப்பிடம்

மரண அறிவித்தல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த வாரப் பத்திரிகையில் ஆறு வருடமாக அதுதான் என் வேலை. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கினால் மிச்சம் தானாக வரும். பிறந்த ஊரைப் பார்த்துத்தான் சனம் செத்தவீட்டுக்கு வரும். மற்றதை யார் வாசிக்கிறார்கள்?

1997 மார்ச்சில் இரத்தினவேல் என்றொருவர் வந்தார். முதல்நாள் அவருடைய மனைவி குணவதி காலமாகியிருந்தார். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து நாலே மாதம்.

"இஞ்சை எங்களை ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. அவவின்ர ஊர்ச்சனம் கனபேர் இருக்கினமாம். பேப்பரைப் பார்த்து அவை வரவேணும். அவ தனியப் போகக்கூடாது."

"அப்ப ஊரைச் சொல்லுங்கோ."

யாழ்ப்பாணத்தில் கரணவாய் என்று ஒரு தரம் சொன்னார். பிறகு எல்ம்பரிக்குப் போன பேச்சு திரும்பவேயில்லை. இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே நாற்பது வீடுள்ள கிராமமாம் அது. குணவதி அங்கே முப்பத்தொரு வருடம் மிட்வைஃப். எழுநூறு வருடத்துச் சேர்ச். ஒரு காலத்தில் கொள்ளைநோயில் பாதிச் சனம் செத்துப்போக, மிஞ்சியவர்கள் குளத்துக்கு அப்பால் புதிதாக வீடு கட்டினார்களாம். சேர்ச் வளவுக் கல்லறைகளில் பாசியைச் சுரண்டி, பெயர்களையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தவர் குணவதிதானாம். தங்கள் பூட்டன் எங்கே கிடக்கிறான் என்று வெள்ளைக்காரர் குணவதியிடம் வந்து கேட்பார்களாம்.

கடவுளே, எனக்குத் தலை சுற்றியது. யாருடைய குளம், யாருடைய பூட்டன்? என் மேசைக்கு முன்னால் இருந்து இப்படி உருகுகிறவர்கள் எல்லாரும் பிறந்த ஊரைப் பற்றித்தான் உருகுவார்கள். என் கையும் அந்தப் பழக்கத்திலேயே போனது.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுறீங்களோ?" என்று கேட்டார்.

"ஆறு வருசமா எழுதுறன் ஐயா," என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

ஏனோ மனம் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை உடலைப் பார்வைக்கு வைத்த இடத்துக்குப் போனேன். பெரிய மண்டபம். முன்வரிசையில் ஏழு பேர். இரத்தினவேல் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார்.

"பேப்பர் எல்லாக் கடைக்கும் போனதோ தம்பி? கரணவாய்ச் சனம் ஒருத்தரையும் காணேல்லை."

வாங்கிப் பார்த்தேன். 'எல்ம்பரியைப் பிறப்பிடமாகவும், கரணவாய், கனடா ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட...'

ஊர்களை இடம்மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. என்னையும் குணவதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இனி ஒருத்தரும் வராயினமோ?" என்று மட்டும் கேட்டார். அரைமணியில் பெட்டியை மூடினார்கள்.

அடுத்த கிழமை திருத்தம் போட்டோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அவருடைய அப்பார்ட்மென்டில் நிற்க இடமில்லை. எல்லாம் கரணவாய்ச் சனம். குணவதியோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நாகமணி என்ற அம்மா, படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"நான் முன்பில்டிங்கிலதான் இருக்கிறன்," என்று இரத்தினவேலிடம் சொன்னார். "முதல் வந்த அறிவித்தலையும் பார்த்தனான். ஆரோ இங்கிலாந்துப் பிள்ளையாக்கும் எண்டு பக்கத்தைத் திருப்பிப்போட்டன்."