கன்னிமாருக்குப் போன கற்கள்

அந்தக் கல் கையை அறுத்தது எனக்கு முதலில் தெரியவே இல்லை; வலிக்கு முன்னால் ரத்தம்தான் வந்தது. சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் மேட்டுக்காட்டில் உழவு ஓட்டியதும் அப்படிப்பட்ட கற்கள் மேலே வரும். எல்லாவற்றையும் வெறும் வெள்ளைக்கல், "வெங்கச்சாங்கல்" என்று சொல்லி நாங்கள் காக்கைமேல் எறிந்துகொண்டிருந்த தொண்ணூறுகளில், பீளமேட்டுக் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த என் அக்கா மட்டும் அவற்றைக் குனிந்து பொறுக்கினாள்.

தானாக உடைந்த கல் வேறு, மனிதன் உடைத்த கல் வேறு என்பாள். அடி விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு, அதிலிருந்து அலையலையாக விரியும் வரிகள், முதுகில் நீளவாக்கில் ஒரு வரப்பு, இரண்டு பக்கமும் பிளேடு மாதிரிக் கூர். இத்தனையும் சேர்ந்து வந்தால்தான் அது ஆதிமனிதனின் கத்தி. கூடை கூடையாகப் பொறுக்கியதில் தேறியவை ஏழே ஏழு. அவற்றைத் தேய்த்துக் கழுவி, பஞ்சு வைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள்.

அந்த ஏழில்தான் அவளுடைய மேற்படிப்பு இருந்தது. "உங்க டீச்சரம்மா பாத்து, நெசமாலுமே அந்தக் காலத்து ஆயுதந்தான்னு சொல்லட்டும், எம்.ஏ. சேத்தி உடறேன். இல்லீன்னா வர்ற தையில கல்யாணம்" என்று சொல்லிவிட்டார் அப்பா. ஆசிரியையும் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய நாள் ஆடிப் பதினெட்டு. கொடுமுடிக்குப் போனோம். காவிரிக்கரையில் ஏழு கல் வைத்து, மஞ்சள் பூசி, கன்னிமாராகக் கும்பிட்டு, பூசை முடிந்ததும் ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். அக்கா குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் முடித்திருந்தாள்.

"இந்தப் படித்துறையில கல்லுக்கு எங்க கண்ணு போறது? உன்ற டப்பாவுல சுத்தபத்தமா ஏழு இருந்துச்சு, எடுத்தாந்து ஆத்துல உட்டுபோட்டேன். காடு பூராக் கெடக்குதே, வேற பொறுக்கிக்கலாம். உனக்கு நல்ல எடமா அமையோணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவினாள். புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. அப்பாதான் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். ஊர் திரும்பிக் காட்டில் தேடவும் வழியில்லாமல் போயிற்று. விசைத்தறி ஓட்டத் "தறிக்குடோன்" கட்டுவதற்காக அந்த வாரமே மேட்டை நிரவி மண்ணைக் கொட்டிவிட்டார்கள். சொன்ன சொல் மாறாதவர் அப்பா. தையில் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கு அங்கே அந்தக் குடோனும் இல்லை. எல்லாம் வீட்டுமனைகளாகிவிட்டன, உழவே இல்லாத மண்ணில் எந்தக் கல்லும் மேலே வருவதில்லை. போன ஆடியில் கொடுமுடிக்குப் போயிருந்தபோது, அக்காவின் வீடு, கார், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மகிழ்ந்த அம்மா, "அத்தனையும் அன்னைக்கு அந்தக் கன்னிமாரு குடுத்ததுதான் அம்மணி" என்றாள்.

"ஆமாங்கம்மா" என்றாள் அக்கா. அந்தக் குரலில் கொஞ்சம் கோபமாவது இருந்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.