மாப்பிள்ளைக்கு யார் போட்ட கோடி

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், மாசி மாதம். வெண்ணந்தூரை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய வேண்டிய நாள். நல்ல உச்சி வெயில். அந்த நேரத்தில் வந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன் என் வாய்க்கொழுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒரே தங்கை. இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு மண்ணில் மனசு நிற்கவில்லை. சேலத்துக்குப் போய் பஸ் கிளீனராகச் சேர்ந்து, வண்டி ஓட்டப் பழகி, கடைசியில் பட்டாளத்து லாரி ஓட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. செய்தி கேட்டதும் நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஊரே வேடிக்கை பார்க்க வாசலில் நின்று கத்தினேன்.

"வயித்துப்புள்ளக்காரிய உட்டுப்போட்டுப் போறயா? நீ போற எடத்துல செத்துக் கெடந்தாலும் நான் கோடி எடுத்துக்கிட்டு வரமாட்டேன், பாத்துக்க!"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் பெண் கொடுத்த வீட்டிலிருந்து புதுத்துணி போக வேண்டும். அதுதான் கோடி. மச்சினன் கொண்டுபோய்ப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். எத்தனை பகை இருந்தாலும் அதை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை. அதனால்தான் கோபம் தலைக்கேறினால் முதலில் வாயில் வருவதும் அந்த வார்த்தைதான். பேசினவன் மறுநாள் மறந்துவிடுவான், கேட்டவனும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். மாப்பிள்ளை சிரித்தார். "ஆவட்டுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. பர்மா எல்லைப் பக்கம் எங்கோ இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடல் வராது என்று அதைப் படித்துக் காட்டிய வாத்தியார் சொன்னார். அவர் விட்டுப்போன ஒரு பழைய சட்டையைப் பலகைமேல் வைத்துக் காரியம் செய்தார்கள். நான் புது வேட்டி வாங்கிக்கொண்டு போனேன். தங்கை நிலைப்படியில் குறுக்கே நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யாரு மேல போத்தறதுக்குங்கண்ணா கொண்டாந்தீங்க? நீங்கதான் அன்னிக்கே வரமாட்டேன்னு சொல்லிப்போட்டீங்களே. எடுத்துக்கிட்டுப் போங்க."

வேட்டியை மடித்தது மடித்தபடி திருப்பி எடுத்து வந்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் என்னோடு பேசவில்லை. பொங்கல் சீர் கொண்டுபோனால் குழந்தைக்காக வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் சொன்ன வார்த்தை பலித்துவிட்டது என்று நானே உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சோறு இறங்காது. எவரிடமும் சொல்லி அழவும் முடியாது.

அந்த நிலையில்தான் நான் முதலில் சொன்ன மனிதர் வரப்பில் ஏறி வந்தார். காக்கி அரைச்சட்டை, தோளில் ஒரு பை, இடது கையில் இரண்டு விரல் இல்லை. கும்பிட்டார். நானும் மாடுகளை நிறுத்திவிட்டு, "வாங்க, எந்த ஊருங்க?" என்றேன். கெங்கவல்லிக்குப் பக்கம் என்றார். அடுத்து நம் ஆட்கள் தவறாமல் கேட்கிற கேள்வியையும் கேட்டேன். மறைக்காமல் தன் சாதியைச் சொன்னார். எங்கள் வீடுகளுக்குள் அந்தக் காலத்தில் வராத சாதி. அவ்வளவுதான், அதுவரை 'வாங்க' என்று பேசிய என் வாய் 'வா, போ'வுக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் கேட்டார். சொம்பைக் கையில் கொடுக்காமல் உயரத் தூக்கி ஊற்றினேன். அவர் குனிந்து, இருக்கிற மூன்று விரலையும் வலது கையோடு சேர்த்து ஏந்திக் குடித்தார். பாதி ஒழுகிப் போயிற்று. அது எனக்குத் தப்பாகவே படவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் கூசுகிறது.

வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் உங்களத்தாங்க பாக்க வந்தேன்" என்றார். "உங்க மாப்பிள்ளையும் நானும் ஒரே லாரியில இருந்தோம்."

கவலைக் கயிறு கையிலிருந்து நழுவியது தெரியவில்லை. அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எட்டவே நின்று சொன்னார். மலைப்பாதையில் வரிசையாக லாரிகள் போய்க்கொண்டிருந்தபோது மேலே விமானம் வந்து குண்டு போட்டதாம். இவருக்கு விரல் போனது, மாப்பிள்ளைக்கு உயிர் போனது. அங்கேயே மலைச்சரிவில் விறகு அடுக்கினார்களாம்.

"உங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாதுங்க. நீங்க கோடி எடுத்துக்கிட்டு வரமாட்டேன்னு சொன்னதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'எங்க மச்சானுக்கு வாய்தான் நீளம். நெசமாவே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தாளு சோறு தின்ன மாட்டாரு'ன்னு சொல்லுவாரு. ஊருக்கு வரப்ப கட்டிக்கணும்னு கல்கத்தாவுல ஒரு வேட்டி வாங்கிப் பெட்டியில வச்சிருந்தாருங்க. மடிப்புக் கலைக்காத வேட்டி. அத எடுத்து நான்தான் போத்தினேன். 'இது உம்மச்சான் போடற கோடிப்பா, மனசுல ஒண்ணும் வச்சிக்காம போ'ன்னு சொல்லித்தான் போத்தினேன். அதத்தான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

 இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன்.

"லெட்டர்ல எழுதற சமாச்சாரமாங்க இது? உங்க பேரச் சொல்லிச் செஞ்சது உங்களுக்கே தெரியலன்னா அது பாதியிலதான நிக்கும்?"

தங்கையிடம் போய் இதைச் சொல், நான் வந்தால் அவள் காது கொடுக்க மாட்டாள் என்றேன். "நீங்க இல்லாம நான் போயி என்னத்தச் சொல்றது? வாங்க, போவலாம்" என்றார். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். இரண்டு மைலும் அவர் எனக்குப் பத்தடி பின்னால்தான் நடந்து வந்தார். இவ்வளவு கேட்ட பிறகும் 'கூட வாங்க' என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

தங்கையின் மாமனாரும் மாமியாரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அவளும் மூன்று வயதுக் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். அவர் வாசலில் நின்று, எனக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் மறுபடி சொன்னார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்கு ரொம்ப வலிச்சுதுங்களா?"

"இல்லம்மா. ஒரு நொடிதான்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பின்னால் எத்தனையோ தடவை கேட்கலாம் என்று நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். தந்தி வந்த அன்று அழாதவள், காரியத்தன்று அழாதவள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து சேர்ந்து அழுதார்கள். நானும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.  அழுது முடித்து அவள் முகம் கழுவினாள். உள்ளே போய் இரண்டு வாழை இலையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். வெளியே வந்து அவரைப் பார்த்து, "உள்ள வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அவர் நகரவில்லை. கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் தரையைப் பார்த்தேன்.

"எங்கண்ணன் போடவேண்டிய கோடியப் போட்டவரு எங்கூட்டு வாசல்ல நிக்கக் கூடாதுங்க" என்றாள் தங்கை. சத்தமாகத்தான் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் எனக்குக் கால் வரவில்லை, பொய் சொல்வானேன். பிறகு, "வாங்க" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கம்பஞ்சோறும் தட்டப்பயறுக் குழம்பும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தங்கை சட்டியோடு என் முன்னால் வந்து நின்று, "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களாண்ணா?" என்றாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் ராசிபுரம் பஸ்ஸுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். இந்தத் தடவை சேர்ந்தேதான் நடந்தோம். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றினேனே, அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"உங்க மாப்பிள்ளையும் மொதல்ல அப்பிடித்தாங்க இருந்தாரு. அப்பறம் கடைசி வரைக்கும் ஒரே குவளையிலதான் டீ குடிச்சோம்."

பஸ் கிளம்பிவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கடிதம் போட்டார், பதில் எழுதினேன். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

போரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கோ, இரண்டு விரலை இழந்து ரத்தம் வழிய நின்ற நேரத்திலும் முகம் தெரியாத என்மேல் பழி நிற்கக் கூடாது என்று நினைத்த அந்த மனிதர்தான் கண்முன் வருகிறார். என் மாப்பிள்ளையை மனசாற வழியனுப்பி, என் தங்கையை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அவருக்கு எங்கள் குடும்பம் செய்தது ஒரே ஒரு வேளைச் சோறுதான். அதுவும் என் தங்கை போட்டது.