ஒன்பதாம் நம்பர் பீரோ

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன்மேலேயே வந்த கோபம் மூன்று மாதமாகியும் தணியவில்லை. வேறு யார்மேலாவது கோபம் என்றால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். இது அவர் தன் வாயாலேயே தேடிக்கொண்ட வினை. யாரிடம் போய்க் கேட்பது?

அவர் ஒரு கால்பந்து கிளப்பின் ரசிகர் சங்கத்துக்குச் செயலாளர். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஐம்பது வருஷத்தில் நாலே நாலு கோப்பை. அதிலும் ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது. ஆனால் அதன் ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐம்பதாவது ஆண்டுக்காக மைதானத்துக்குப் புதுச் சுவர் எழுப்பினார்கள். எல்லாக் காலத்துக்கும் ரசிகர்களுக்குப் பிடித்த பதினோரு ஆட்டக்காரர்களின் முகத்தை அதில் வரையப்போகிறோம், யார் யார் என்பதை ரசிகர் சங்கமே சொல்லட்டும் என்று கிளப் தாராளமாக விட்டுவிட்டது. தேன்கூட்டில் கைவைத்த மாதிரி ஆயிற்று.

சங்கத்துக்கென்று சொந்த இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறையில் கூடுவார்கள். ஸ்கூல் நடத்தும் வாத்தியார்தான் சங்கத் தலைவர். நாலு சுவரிலும் சாலைக் குறிகள்: முந்தாதே, ஒலி எழுப்பாதே, பாதை குறுகுகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நாற்பது பேர் முந்திக்கொண்டு ஒலி எழுப்புவார்கள். இவன் பின்வரிசை ஆட்டக்காரனா நடுவரிசையா, அந்த இடத்துக்கு இவனா அவனா என்று நாலு ஞாயிறு கத்தினார்கள். ஒரு நாற்காலியின் கால் போயிற்று. இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள்.

அப்போதுதான் நம்மவர் எழுந்தார். பத்தொன்பது கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிப்பவர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, இதோ வந்துட்டேன்” என்று பேசிப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரலில் ஒரு யோசனை சொன்னார். எந்த இடத்தில் ஆடினான் என்பதையே விட்டுவிடுவோம். சட்டை நம்பரைப் பார்ப்போம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை, ஒரு நம்பருக்கு ஒரு ஆள், அந்த நம்பரைப் போட்டவர்களில் ரொம்பப் பிடித்தவர். தீர்ந்தது. சபை கைதட்டியது. வாத்தியார் அவர் முதுகில் தட்டி, மூளை என்றால் இதுதான் மூளை என்றார். தீர்மானம் அங்கேயே நிறைவேறியது.

வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தார்.

அவருடைய அண்ணன் அந்தக் கிளப்புக்குப் பதினோரு வருஷம் ஆடியவர். இடது பக்கத் தடுப்பாட்டம். ரசிகர்கள் வைத்த பேர் பீரோ. நின்றால் நகராது, எதிரி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தடுப்பாட்டக்காரர் மூன்றாம் நம்பரோ நாலாம் நம்பரோ போடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் கிளப்புக்கு இருந்தது ஒரே ஒரு செட் சட்டை. அதில் ஒன்பதாம் நம்பர் மட்டும், அதற்கு முன்னால் ஆடிய ஒரு குண்டு ஆசாமிக்காகப் பெரிதாகத் தைத்தது. அண்ணனின் தோளுக்கு மற்ற பத்தில் ஒன்றைத் தவிர எதுவும் ஏறவில்லை. ஏறிய ஒன்றும் கையைத் தூக்கியபோது அக்குளில் கிழிந்தது. ஆகவே பதினோரு வருஷமும் ஒன்பது. முன்னால் நின்று கோல் போடுகிறவனின் நம்பரை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு கோல்கூடப் போடாமல் ஆடி ஓய்ந்தார்.

அண்ணனுக்குப் பிறகு அந்த நம்பரை வாங்கிக்கொண்டவன் ஊசி. ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். நூற்றுப் பதினான்கு கோல். நேற்றுப் பிறந்த குழந்தைகூட ஊசி என்றால் ஒன்பது என்னும். நம்பர் பார்த்து ஓட்டு என்றால் பீரோ எங்கே, ஊசி எங்கே! ஆனால் மூன்றாம் நம்பரில் வேடிக்கையைக் கேளுங்கள். ஐம்பது வருஷத்தில் அதைப் போட்ட ஆறு பேரில் ஒருவர் முகமும் யாருக்கும் ஞாபகமில்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தது, அண்ணன் நிற்க வேண்டிய இடம்.

ஒரு முகம் சுவரில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அவர் மனைவியும் அதைத்தான் கேட்டாள். ஆனால் அவருக்கு அது விளையாட்டு இல்லை. அப்பா போன மறு வருஷம், அண்ணனுக்கு இருபத்து நாலு, இவருக்குப் பதினேழு. தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்று அண்ணனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. மூன்று நாளில் அண்ணன் பையோடு திரும்பி வந்து நின்றார். மறுநாளே காகிதக் கிடங்கில் சுமை இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். தொழிற்பள்ளியை விட்டு நின்றுவிடலாம் என்றிருந்த இவரை அம்மா அடுப்படியில் உட்காரவைத்துச் சொன்னாள்: “உன்னைப் படிக்க வைக்கத்தான் அவ்வளவு பெரிய இடத்தை வேண்டாம்னு வந்துட்டான். நீ பாதியில நின்னா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பே?” அண்ணனிடம் கேட்டபோது, “அதை வெளிய யார்கிட்டயும் சொல்லாதே” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இவருக்கு அண்ணன் மனுஷன் இல்லை, தெய்வம்.

இவர் படித்தார், மெக்கானிக் ஆனார், கல்யாணம் செய்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி இவரைத் தலைநகரத்துக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிட்டது. மனைவியின் அக்கா அங்கேதான் இருக்கிறாள். மனைவி வீடுகூடப் பார்த்துவிட்டாள். எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பது வரைக்கும் போய்விட்டாள். அந்தச் சமயத்தில்தான் அண்ணி இறந்துபோயிருந்தாள். அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது, பிள்ளை குட்டியும் இல்லை. எனக்காக அவர் விட்டார், அவருக்காக நான் விடமாட்டேனா என்று இவர் கம்பெனியிடம் வேண்டாம் என்றுவிட்டார். மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஆறு வருஷமாக, லிஃப்ட் எண்ணெய் படிந்த சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவாள். விதியைத் திருத்தும் கூட்டத்துக்குப் புறப்பட்ட அன்றும் வாசலில் நின்று, “உங்க அண்ணனுக்காக நாம விட்டது போதாதா? இப்ப சுவர் வேற வேணுமா?” என்றாள்.

வேண்டும் என்றுதான் அவர் போனார். மூன்று மாதமாக விதியைத் திருத்தச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். எல்லோரும் தண்ணீர் கொடுத்து, மோட்டுவளையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வாத்தியார் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்: விதியைக் கொண்டுவந்ததும் நீங்கள், உங்கள் வீட்டு ஆள் என்றதும் வளைக்கப் பார்ப்பதும் நீங்கள், நன்றாகவா இருக்கிறது? நன்றாக இல்லைதான். அது அவருக்கே தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. அண்ணனிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. அன்றைக்குக் கூட்டத்துக்கு வர வேண்டாம், மாடிப்படி முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தார்.

கூட்டத்தில் முப்பத்தொரு பேர். திருத்தம் இதுதான்: பீரோவை மூன்றாம் நம்பரில் நிறுத்த வேண்டும். பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருவர், அப்படியானால் என் மாமனாரைக் கோல்காப்பாளராக நிறுத்துங்கள், அவர் கையை மீறி எதுவும் போகாது என்றார். சபை சிரித்தது. அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சட்டை அளவுக் கதையைச் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு வேறு வழி தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் வெளியே விடாத கதையை எடுத்துவிட்டார்.

தலைநகரம் கூப்பிட்டதை, மூன்றாம் நாள் பையோடு வந்து நின்றதை, காகிதக் கிடங்கை, அம்மா சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் கிளப்பில் ஆடின எவனாவது பெரிய இடத்தை உதறிவிட்டு நமக்காக இங்கேயே நின்றானா என்று கேட்டார். குரல் உடைந்தது, மறைக்கவும் இல்லை. சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமனார் ஜோக் சொன்னவர் மூக்கைச் சிந்தினார். வாத்தியாரே எழுந்து நின்று, இது தெரியாமல் போயிற்றே, திருத்தத்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எழும்ப ஆரம்பித்தன. பதினாறு வேண்டும், அவர் இருபதுவரை எண்ணிவிட்டார்.

“கையை இறக்குங்கப்பா.”

கதவருகே நின்றது அண்ணன். எப்போது படியேறி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

“தம்பி சொன்னது அம்மா சொன்ன கதை. நான் எதையும் உதறிட்டு வரலை. மூணு நாள் ஓடவிட்டாங்க. மூணாம் நாள் பட்டியல் ஒட்டினாங்க, அதுல என் பேரு இல்ல. வண்டியேறி வந்துட்டேன். ஒன்பது ஊசியோடது. அதை அவனுக்கே போடுங்க.”

ஒவ்வொரு கையாக இறங்கியது. யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம். செயலாளர் தன் கை மட்டும் மேலே நிற்பதைக் கடைசியில்தான் கவனித்தார். திருத்தம் தோற்றது என்று வாத்தியார் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

படியிறங்கும்போது வழக்கம்போல அண்ணனின் முழங்கையைப் பிடித்திருந்தார். நாலாவது படியில் கையை எடுத்துவிட்டார். ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து கவிழ்த்தாரே என்ற கோபமா, பொய்யன் ஆக்கிவிட்டாரே என்ற கோபமா, அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கீழே வந்ததும் கேட்டார், ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று. அம்மா சொல்லிவிட்டாள், நீயும் படிப்பை முடித்தாய், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன் என்றார் அண்ணன். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றே என்றார் இவர்.

“சரி, எனக்கு அந்த வேலை வந்தப்பயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே.”

அண்ணன் வாசலில் நின்ற டிரைவிங் ஸ்கூல் வண்டியின்மேல் கையை ஊன்றி நின்றார்.

“சொல்லத்தான் வந்தேன். உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டதா உன் பொண்டாட்டி சொன்னா. அழுதிருந்தா போல, கண்ணு சிவந்திருந்துச்சு. அப்பவே சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

“எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடா. நீ இங்கயே இருப்பேன்னு. அப்படியே திரும்பிட்டேன்.”

லிஃப்ட் மெக்கானிக் ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. இன்னும் மூன்று உதை உதைத்தார், ஸ்கூட்டரை உதைக்கிற உதை இல்லை அது. நான்காவதில் கிளம்பியது. அண்ணன் தயங்கிக்கொண்டே நின்றார். “ஏறுங்க” என்றார் இவர். அண்ணன் காலைச் சிரமப்பட்டுத் தூக்கிப் போட்டு ஏறினார். வண்டி ஒரு தரம் அமுங்கி நிமிர்ந்தது.

மத்தியான வெயில். அண்ணன் வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. வண்டி திரும்பவில்லை.

“என் வீடு அந்தப் பக்கம்டா” என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

இவர் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனார். இவர் வீட்டு வாசலில் மனைவி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் அண்ணனை வாங்க என்று சொல்லிவிட்டு, புருஷனிடம் என்ன ஆச்சு, ஜெயித்ததா என்று கேட்டாள். ஆயிரம் சொன்னாலும் அவள் குரலில் ஒரு ஆசை இருந்தது. ஆறு வருஷத்துக்கு ஒரு அர்த்தமாவது கிடைக்குமே என்கிற ஆசை.

அவர் வண்டியை நிறுத்தினார். சாவியை எடுத்தார். அண்ணன் இறங்குவதற்குத் தோளைக் கொடுத்தார்.

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்றார். “என்னால முடியாது.”