மீனவர் பாட்டுக்கு இடையூறு கூடாது

வசந்தகுமாரி மேடம் போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு ஜோடிக் கையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்... போதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தணிக்கைத் துறையில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர். சர்க்கார் தனியார் கம்பெனிகளுக்குச் சலுகையில் இடம் கொடுக்கும்போது சில நிபந்தனைகள் போடும். கம்பெனி அதைக் காப்பாற்றியதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

திருச்சிக்காரர். பியூனைக்கூட சார் என்றுதான் கூப்பிடுவார். ஆடிட் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். கையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க்.

ஒருமுறை எங்கள் பழவேற்காடு ஃபைல் அவரிடம் வந்தது. ஏரிக்கரையில் ஒரு கம்பெனிக்குச் சலுகைக் குத்தகையில் கொடுத்த இடம். நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அதில் ஒன்று, மீனவர்களின் பாடல்களுக்கு இடையூறு செய்யக் கூடாது.

கம்பெனி அதற்கு வருஷா வருஷம் பதில் எழுதியிருந்தது. 'பணியிடத்தில் ஒலிபெருக்கி பயன்படுத்தப்படவில்லை. நிபந்தனை நிறைவேற்றப்பட்டது.' பார்வையிட்ட அதிகாரிகளும் வருஷா வருஷம் டிக் போட்டிருந்தார்கள்.

மேடத்துக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. "சார், நீங்க பழவேற்காடு கோட்டைக்குப்பம்தானே? உங்க ஊர்ல பாடுவாங்களா?"

"வலை இழுக்கும்போது பாடுவாங்க மேடம்."

சொல்லிவிட்டேன். ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையில் போண்டாவோடு. என்னை நம்பி அவரும் டிக் போட்டார். ரிப்போர்ட் மேலே போய்விட்டது.

அப்புறமும் உறுத்தல் தீரவில்லை போல, அடுத்த வாரம் இடத்தையே நேரில் பார்க்கக் கிளம்பினார். "உங்க ஊர் ஃபைல். நீங்க கையெழுத்துப் போடக் கூடாது, வழி மட்டும் காட்டுங்க சார்" என்றார்.

போகிற வழியில் டச்சுக்காரர் கல்லறை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை நிதானமாகப் பார்த்தார்.

"இவங்களுக்கு இடம் குடுத்தப்பவும் ஏதாவது கண்டிஷன் போட்டிருப்பாங்க. யாராவது வந்து செக் பண்ணாங்களா சார்?"

சிரிக்காமல் கேட்டார். டிரைவர்தான் சிரித்தார்.

ஏரிக்கரையில் கம்பி வேலி. கரையோடு நிற்காமல் தண்ணீருக்குள்ளும் இறங்கி முகத்துவாரம் பக்கம் போயிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் நைனா நின்றிருந்தார். பெற்ற அப்பா, ஆபீசர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

"யம்மா, அதோ பாரு, அதான் எங்க பாடு. இப்ப வலை கட்ட வுட மாட்றானுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "பாடுன்னா?"

நைனா முந்திக்கொண்டார். "இன்னாம்மா, உங்கூட வேலை செய்றானே எம்புள்ள, அவன் சொல்லலியா? எறா ஓடுற எடம்மா. குலுக்கல் போட்டு, மொறை வச்சி வலை கட்டுவோம். இன்னிக்கி எனக்கு, நாளிக்கி இன்னொருத்தனுக்கு. அந்த எடத்துக்குப் பேருதான் பாடு."

மேடம் நேராகக் காருக்குப் போய், ஃபைலின் அடியில் கிடந்த தமிழ் மூல உத்தரவைத் தேடி எடுத்தார். 'மீனவர் பாட்டுக்கு இடையூறு கூடாது.'

பாட்டு என்றாலும் பாட்டுக்கு. பாடு என்றாலும் பாட்டுக்கு. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் எங்கள் இறால் பிடிக்கும் இடத்தைப் பாடலாக்கிவிட்டார். அதற்குத் தலையாட்டியவன், அந்தப் பாடு போட்ட சோற்றில் வளர்ந்த நான். நிற்கிற மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கித் திருத்தினார் மேடம். முதலில் டிக் போட்ட தப்பு யாருடையது என்று மேலிடம் கேட்டது. 'கவனக்குறைவு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த முறை அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் வேறொருவருக்குப் போனது. ஒரு நாள்கூட அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை... எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்று கரையிலிருந்து கிளம்பும்போது நைனாவிடம் ஒன்று சொன்னார். "ஐயா, குலுக்கல்ல அந்த இடத்தை விட்டுடாதீங்க. விட்டீங்கன்னா, அங்க பாடே கிடையாதுன்னு எழுதிடுவாங்க."

நைனா மோர் கொடுத்தார். வாங்கவில்லை. "ஃபைல் முடியட்டும் ஐயா. முடிஞ்சதும் வந்து உங்க வீட்ல இறால் குழம்பே சாப்பிடுறேன்."

ஊர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. இன்று வரை குலுக்கலில் அந்த இடத்துக்கும் சீட்டு உண்டு. அங்கே முறை வருகிறவருக்கு அன்றைக்கு வலையும் இல்லை, இறாலும் இல்லை. முணுமுணுக்காதவர் கிடையாது. ஆனால் அந்தச் சீட்டை யாரும் எடுத்துப் போட்டதில்லை. ஊரில் மேடத்துக்குப் பெயரே பாட்டு மேடம்.

ஃபைலில் இப்போது பாடு என்று சரியாகவே இருக்கிறது. வேலியும் இருக்கிறது.

மேடம் ரிட்டையர் ஆனார். குழம்பு சாப்பிட வரவே இல்லை... ஃபைல் முடியவில்லையே.

செய்தியைப் பார்த்ததும் நைனாவுக்கு போன் போட்டேன். ஏரியில் இருப்பார், எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"யாரு... பாட்டு மேடமா?"

ஆமாம் என்றேன்.

"இன்னிக்கி நம்ம மொறை அந்த வேலியாண்டதான்டா. அதான் ஊட்ல குந்திக்கினு கீறேன்... இரு. நான் போயி அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

போய் வாருங்கள் மேடம்.

வேலியோரம் நைனா நிற்கிறார்.