சிவப்பில் நின்ற வீடு

குடிநீர் ஃபில்டர் மாட்டும் அவள் கணவனுக்கு வாடிக்கை வீடுகள் முந்நூறும் மனப்பாடம். அவன் கால் முறிந்து படுத்ததும்தான், கடையே அவன் தலைக்குள் இருப்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலருகே கம்ப்யூட்டரை வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியைக் கேட்டுக் கேட்டு ஏற்றினாள்.

“எனக்குத் தெரியாத வீடா? வேலையத்த வேலை!” என்று எரிந்து விழுந்தான்.

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தேதி நெருங்கிய வீடுகளுக்கு, தண்ணீர் கெடுவதற்கு முன்பே போன் செய்து, புது மெக்கானிக்கை அனுப்பினாள். அக்கம்பக்கத்தாரும் கேட்டு வந்தார்கள். ஆறே மாதத்தில் வீடுகள் அறுநூறு, மெக்கானிக்குகள் மூவர்.

கால் தேறியவன் கடைக்கு வந்து வீம்பாகக் கேட்டான்: “இன்னைக்கு எந்த வீடு?”

அவள் திரையைத் திருப்பினாள். தேதி தாண்டிச் சிவப்பில் நின்றது ஒரே வீடு.

“பதினாலு மாசமா மாத்தல. முதல்ல நம்ம வீட்டுக்குப் போங்க.”