ஏழு கேள்விக்குறிகள்

“தாத்தா செத்துட்டாருன்னா, அவரோட பேரு இப்ப எங்கம்மா இருக்கும்?”

என் அப்பா இறந்த வாரம் என் மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கடவுளிடம் பத்திரமாக இருக்கும் என்றேன். “அவரு மறந்துட்டாருன்னா?” என்றாள். மறக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பிற்பாடு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. கணினி நிரல் எழுதிப் பிழைப்பவள் நான். இது என் கண் முன்னால் நடந்தது.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அவர் தனியாக இல்லை. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, கூட்டத்தில் கலந்து போய்விட்டார். ஒரு நன்றி சொல்லக்கூட வாய்க்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு விடுமுறை நாள். ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பிணவறையில், தேடி வர ஆளில்லாமல் கிடப்பவர்களின் விவரங்கள், காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஓர் அறக்கட்டளையின் இணையச் சேவைக்குத் தானாகவே போகும். அந்த நிரல் எங்கள் நிறுவனத்துடையது. சில நாட்களாக வயது சரியாகப் போகிறது, உயரம் சரியாகப் போகிறது, பெயர் மட்டும் கேள்விக்குறிகளாகப் போகிறது என்றார்கள்.

கணினி இருந்தது நிலவறையில், பிணவறையை ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. வெளியே பகலா இரவா என்று தெரியாது. பிணவறைக் காவலரை எல்லோரும் ஐஸ்காரர் என்று கூப்பிட்டார்கள்.

“வாங்கம்மா. இங்க ஏசி எப்பவும் இலவசம்,” என்றார்.

“பயமா இருக்காதாண்ணே?”

“இங்க இருக்கறவங்க எந்த வம்புக்கும் போகாதவங்க. மேல ஆபீஸ்ல இருக்கறவங்களப் பாத்தாதான் எனக்கு நடுக்கம்.”

கோளாறு சீக்கிரம் கிடைத்துவிட்டது. எழுத்துகள் கணினிக்குக் கணினி எண்களாகத்தான் பயணம் செய்யும். எந்த முறையில் எண்ணாக்கினோம் என்பதையும் கூடவே சொல்லி அனுப்ப வேண்டும். யாரோ நிரலைப் புதுப்பித்தபோது ‘யூடிஎஃப்-8’ என்ற அந்த ஒரு வரி விடுபட்டிருந்தது. உடனே நிரல், தமிழே தெரியாத ஒரு பழைய முறைக்குத் தாவிவிட்டது.

பெயர் கன்னாபின்னாவென்று வேறு எழுத்துகளாக வந்தால் நாங்கள் கவலைப்படுவதில்லை. அது உயிரோடுதான் இருக்கிறது. படிப்பவர்தான் தப்பாகப் படிக்கிறார். கேள்விக்குறியாக வந்தால் அப்படி அல்ல. தெரியாத எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு குறியை வைத்துவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து பழைய எழுத்தை யாராலும் எழுப்ப முடியாது.

வரியைச் சேர்த்தேன். மூன்று மணிக்கு எல்லாப் பதிவுகளையும் மறுபடி அனுப்பினேன். சேவை, தான் பெற்ற பெயரை நமக்கே திருப்பி அனுப்பிக் காட்டும். ஒவ்வொன்றாகத் தமிழில் வந்தன. ஒன்றே ஒன்றைத் தவிர.

???????

அவசரப் பிரிவில் இருந்த பழைய கணினி, பதியும்போதே அந்தப் பெயரைத் தொலைத்திருந்தது. எங்கள் சேமிப்பிலேயே கேள்விக்குறிகள்தான் இருந்தன.

“அந்த அம்மாவா?” என்றார் ஐஸ்காரர். அவர் குரல் இறங்கிவிட்டது. “விபத்துக் கேஸு. உயிர் போறதுக்கு முன்னாடி வாய் தெறந்து பேரைச் சொல்லியிருக்காங்கம்மா. நர்ஸ் பொண்ணு கிட்ட கேட்டேன். அன்னிக்கு வார்டு நிறையக் கூட்டம், நெனவு இல்லன்னு அழுதுடுச்சு. நாளைக்குக் காலைல வண்டி வந்துரும். நம்பர் போட்டுப் பொதைச்சிருவாங்க.”

“வேற வழியே இல்லையாண்ணே?”

“பேர் இருந்தா யாராவது வருவாங்க.”

அவர் டீ வாங்கி வருகிறேன் என்று மேலே போனார்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒன்றுமே மாற்றாமல், அதையே மறுபடி அனுப்பிப் பார்ப்போம். பலன் இருக்காது என்று தெரியும். கை சும்மா இருக்காது. மூன்று இருபதுக்கு அந்தப் பதிவை மறுபடி அனுப்பினேன்.

சுவருக்கு அப்பால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். குளிர்பெட்டியின் மோட்டார் என்று நினைத்தேன்.

பதில் வந்தது. ஆறு கேள்விக்குறிகள். கடைசியில் ஒரு தமிழ் எழுத்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எழுத்து இருந்தது. எங்கள் சேமிப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே இன்னும் ஏழு கேள்விக்குறிகள்தான்.

மறுபடி அனுப்பினேன்.

டொக்.

ஐந்து கேள்விக்குறிகள். இரண்டு எழுத்துகள்.

விசைப்பலகை சில்லென்று இருந்தது...

டொக்.

இந்த முறை பதில் வர நேரமாயிற்று. மூச்சு வாங்குகிறவர் ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவதுபோல... ஒவ்வொரு எழுத்துக்கும் இன்னும் அதிக நேரம்.

டொக்...

டொக்...

டொக்...

ஒரே ஒரு குறி பாக்கி. அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை.

பெயர் வந்தது.

ஒரு பெண்ணின் பெயர். முழுசாக. அதை இங்கே எழுத மாட்டேன். அது அவர் வீட்டாருக்கு உரியது.

டீயோடு வந்த ஐஸ்காரரிடம் அந்தப் பெயரைப் படித்துச் சொன்னேன். அவர் டம்ளரை அப்படியே மேசைமேல் வைத்தார்.

“ஐயோ... அந்தப் பொண்ணும்மா! தினம் மேல கவுன்டர்ல வந்து நிக்கும். எங்கம்மா பேரு இதுன்னு சொல்லும். டீ வாங்கப் போறப்ப என் காதுல விழும். கவுன்டர்ல இருக்கறவங்க கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, அப்படி யாரும் இல்ல, போம்மான்னு அனுப்பிடுவாங்க.” தலையில் அடித்துக்கொண்டார். “கீழதானே படுத்திருந்தாங்க... பேர் இல்லன்னா ஆளே வேறன்னு நெனச்சுட்டேனே பாவி!”

வாசல் காவலரிடம் அந்தப் பெண் தன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள். ஐஸ்காரர் அதைக் கேட்டு வாங்கி அவளை அழைத்தார். “உடனே வரேன்” என்ற குரல் எனக்கே கேட்டது. அவளைக் கூட்டி வர அவர் மாடிப்படியை நோக்கி நடந்தார்.

“அண்ணே, அந்த மோட்டார் சத்தம்...”

“மோட்டாரு மொட்டை மாடிலதானே இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனார்.

நான் அறக்கட்டளையின் கணினிக்காரருக்குப் போன் செய்தேன். பெயர் சரியாக வந்ததா என்று கேட்டேன்.

“மூணு மணிக்கு அனுப்புனதெல்லாம் வந்துச்சுக்கா. ஒண்ணு மட்டும் கேள்விக்குறி.”

“அதுக்கப்புறம் அனுப்புனது?”

“எப்படி வரும்? மூணு அஞ்சுக்கு சர்வரை நிறுத்திட்டோமே. பராமரிப்பு வேலை. இன்னும் போடலக்கா.”

அப்படியென்றால் எனக்குப் பதில் அனுப்பியது யார்?

திரும்பித் திரையைப் பார்த்தேன். ஏழு கேள்விக்குறிகள்.

ஓடிவிடத்தான் எழுந்தேன். பையைக்கூட எடுத்துவிட்டேன். கதவருகே வந்தபோது அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்திருந்த அந்தக் கையும். அந்த அம்மாளுக்கும் அன்று எத்தனையோ வேலை இருந்திருக்கும். ஒருவேளை பயமாகவும் இருந்திருக்கும்.

பையைக் கீழே வைத்தேன். பிணவறைக் கதவைத் தள்ளினேன். ஐஸ்காரரின் முக்காலியை இழுத்துப் போட்டு, பதிவில் இருந்த எண்ணைப் பார்த்து, பெயர் தொலைந்திருந்த அந்தத் தாயின் குளிர்பெட்டியின் அருகே உட்கார்ந்தேன். இரும்புக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“அம்மா... உங்க பொண்ணு வந்துட்டிருக்கா.”

ஒரு சத்தமும் இல்லை. கை மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிகளில் காலடிகள் கேட்டன. ஒரு பெண்ணின் விசும்பலும்.

எழுந்தேன். முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்தேன். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தபோது, தெருவில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.