கயிறு குறுகுவதில்லை

செய்தி திங்கட்கிழமை காலை மூதூர் லோஞ்சுப் படகில் வந்தது. நாள்தோறும் அதில் வேலைக்கு வரும் கணித ஆசிரியை, வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "லாப் நானா மௌத்தாகிட்டார் டீச்சர். நேற்றுக் காலையில. பின்னேரமே அடக்கியாச்சு" என்றார். நான் "எந்த லாப் நானா?" என்று கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரே ஒரு லாப் நானாதான். தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்டால் கொஞ்ச நேரமாவது தள்ளிப்போகும் என்று நினைத்தேன் போலும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் லாப் நானா என்ற காசிமின் ஆய்வுகூடத்தில் தவளை அறுத்தவர்கள். ஊசியை வைத்த இடத்தில் வைக்காததற்கு அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நான் உங்களுக்கு விலங்கியல் படிப்பித்தவள். அவர் ஆய்வுகூட உதவியாளர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் கேள்வி கேட்கிற மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விகளில் ஒன்று என்னை என்ன பாடுபடுத்தியது என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தசையின் அமைப்பைக் காட்ட மாட்டிறைச்சி அவிப்பதுதான் வழக்கம். நான் சைவம், அதைத் தொடமாட்டேன். முதல் வருடம் இதைச் சொல்லச் சங்கடப்பட்டு நான் நெளிந்ததைப் பார்த்த காசிம், மறுநாள் ஓர் ஆட்டுக்காலை அவித்துக் கொண்டுவந்தார். "இதையும் நீங்க தொட வேண்டாம். பாத்தாக் காணும்" என்றார். இரண்டு ஊசிகளால் அந்த இறைச்சியைப் பிரித்துக்கொண்டே போனார். கட்டுக்குள் கட்டு, அதற்குள் மயிர் மாதிரி நார். நாரை நுணுக்குக்காட்டியில் வைத்தால் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக வரிகள். "கயிறுதான் டீச்சர். புரிக்குள்ள புரி. ஆனா கயிறு தானா இழுக்காது. இதை ஆர் இழுக்கிறது?" என்று கேட்டார். பாடவேளை முடிந்து மணி அடித்ததால் நான் தப்பினேன்.

உயர்தர வகுப்புக்குத் தமிழில் நூல்கள் போதாமல் இருந்த காலம் அது. நானே குறிப்பெழுதி ஸ்டென்சில் வெட்டுவேன். ரோணியோ இயந்திரத்தின் கைபிடியை அவர் சுற்றுவார். தசை பற்றிய குறிப்பை நான் படித்த காலத்துப் பழைய ஆங்கில நூலிலிருந்து எழுதினேன். தசை சுருங்கும்போது அதன் உள்ளிழைகள் சுருள்வில்லைப்போல மடிந்து குறுகுகின்றன என்பது அதன் சாரம். பிள்ளைகள் அதைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சை விடுமுறையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் அவர் ஆறுதலாக ஆரம்பித்தார். "டீச்சர், ஒரு கதை கேக்கோணும். கோவிக்கப்படாது."

"கேளுங்கோ."

"இழை மடியிறதுக்குச் சத்து வேணும் எண்டு எழுதியிருக்கிறீங்க. சரி. எங்கட ஊரில ஆரும் மௌத்தானா மையத்துக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுறவங்க. மௌத்தான உடன கைகால் துவண்டுதான் கிடக்கும். உடன நேராக்காட்டி, கொஞ்ச நேரத்தில விறைச்சுப் போகும். பிறகு மடக்க ஏலாது. அடுத்த நாள் மட்டும் வெச்சிருந்தா, தானா இளகிரும். சத்து முடிஞ்ச உடம்பை ஆர் இறுக்கிறது? பிறகு ஆர் விடுறது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இதெல்லாம் பாடத்திட்டத்தில இல்லை" என்றேன். அவர் "ஓம்" என்று சொல்லிவிட்டுக் குடுவைகளைக் கழுவப் போனார். பாடத்திட்டத்தில் இல்லை என்று ஓர் ஆசிரியை சொன்னால் அவளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் அந்தக் கேள்வி என்னைத் தின்றது. மூன்றாம் நாள் வீட்டு அலுமாரியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து என் தோழி ஒரு புதிய நூல் அனுப்பி ஆறேழு மாதமாகியிருந்தது. கட்டியிருந்த சணல்கூட அவிழ்க்காமல் கிடந்தது. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம்தான், வேறென்ன? குசினியில் அடுப்பு மூட்ட மறந்து அதை வாசித்தேன். இழைகள் மடிவதுமில்லை, குறுகுவதுமில்லை. தடித்த இழையும் மெல்லிய இழையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தடித்த இழையிலிருந்து நீளும் சின்னஞ்சிறு தலைகள் மெல்லிய இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி சற்றுத் தள்ளிப் பிடிக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போவதால்தான் தசை குட்டையாகிறது. நான் எழுதிக் கொடுத்தது முழுப் பிழை.

மறுநாள் விடிந்ததும் ஆய்வுகூடத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். கரும்பலகையில் படமும் கீறினேன். அவர் கிட்ட வந்து கோடுகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இது கரைவலை, டீச்சர்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வருமுன் அவர் வலை இழுத்தவர். அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்வார்கள். கடைசியில் நிற்பவர் கையை விட்டு, தண்ணீரோரம் ஓடிவந்து முதல் ஆளாகப் பிடிப்பார். "கயிறும் குறுகாது, ஆளும் குறுகாது. வலைதான் கரைக்கு வரும். எல்லாரும் ஒரே நேரத்தில விட்டா வலை திரும்பக் கடலுக்குப் போயிரும். விடாமலே பிடிச்சுக்கொண்டு நிண்டா வலை வராது" என்றார்.

"அங்கதான் உங்கட கேள்விக்கு மறுமொழி இருக்கு" என்றேன். பிடித்த தலை பிடியை விடுவதற்கு ஏ.ரி.பி. என்ற சத்துப்பொருள் வந்து ஒட்டவேண்டும். இறந்த உடம்பில் அது தீர்ந்துபோகிறது. பிடித்த தலைகள் பிடித்தபடியே நிற்கின்றன, அதுதான் விறைப்பு. பிறகு தசையே சிதையத் தொடங்கும்போது பிடி நழுவுகிறது.

"அப்ப, விடுறதுக்கும் சத்து வேணும்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை நான் எந்த ஆசிரியர் முகத்திலும் கண்டதில்லை.

பிழையை என்ன செய்வது? அதிபர், "ஒரு கேள்விதானே, விடுங்கோ. இந்த நேரத்தில பிள்ளைகளைக் குழப்பக்கூடாது" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. காசிம் மட்டும் ரோணியோவுக்கு மை பூசிக்கொண்டிருந்தார். "நீங்க புதுத் தாள் எழுதுங்க. வீடு வீடாக் கொண்டுபோறது என்ட வேலை. ஆனா பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். அது நீங்கதான் சொல்லோணும்."

சொன்னேன். பாலையூற்றில் ஐந்து வீடு. ஒவ்வொரு வாசலிலும் "நான் பிழையாப் படிப்பிச்சுப் போட்டன்" என்று சொல்லவேண்டியிருந்தது. முதல் வீட்டில் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஐந்தாம் வீட்டில் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி இருந்தாள். காவலுக்கு நின்றவர் எங்கள் தாளை வாங்கி, நான் கீறிய சமாந்தரக் கோடுகளைப் பார்த்து, பக்கத்திலிருந்த விமானத் தளத்தின் வரைபடமோ என்று சந்தேகப்பட்டார். காசிம் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மடக்கிக் காட்டினார். மடக்க மடக்கத் திரண்டெழுந்த புயத்தை அந்த மனிதர் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே விட்டார். மூதூர்ப் பிள்ளைகளுக்குக் காசிமே லோஞ்சில் கொண்டுபோனார். அங்கே மட்டும் நான் நேரில் போகாமல், பிழையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடம் தசை பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. சிறுநீரகம் வந்தது. நான் தலையில் கை வைத்தபோது அவர் சிரித்தார். "பரவாயில்லை டீச்சர். எங்கட கேள்விக்கு மறுமொழி கிடைச்சிட்டுதே."

சென்ற கிழமை மூதூருக்குப் போனேன். அவருடைய மனைவி ஹலீமா, கணவனை இழந்தவர் வெளியே வராமலிருக்கும் இத்தாவில் இருந்தார். பெண்கள் சூழ்ந்திருந்த உள்ளறையில் எனக்குப் பாய் போட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளைகளிட்ட முன்னமே சொல்லி வெச்சிருந்தார். நான் மௌத்தானா உடன கைகால நேராக்குங்க, ஆரையும் பாத்திருக்க வேண்டாம், பிறகு அதுக்கு விட ஏலாது, டீச்சர் சொன்னவ எண்டு. மகனும் அப்பிடித்தான் செய்தான். ஒரு கை மட்டும் என்ட கையில இருந்தது. உம்மா, விடுங்க, வாப்பா சொன்னவர்தானே எண்டான்." பிடித்திருந்த என் கையைக் குனிந்து பார்த்தார். "அவர்ட கை துவண்டுதான் கிடந்தது, டீச்சர். எனக்குத்தான் விட ஏலாமப் போச்சு."

லோஞ்சில் திரும்பி வரும்போது நான் அழுதேன். மறைக்க எதுவுமில்லை.

காசிமின் நினைவாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். இழைகள் மடிந்து குறுகுகின்றன என்று நான் எழுதிய பிழையான குறிப்பின் கடைசிப் பிரதி. புதிய தாள் அச்சடித்த அன்று பழையவற்றையெல்லாம் கிழிக்கச் சொன்னேன். அவர் ஒன்றை மடித்து என் மேசையில் வைத்து, "இது கிடக்கட்டும் டீச்சர், நீங்க கைவிட்டது" என்றார். இப்போதும் எந்தப் புதிய குறிப்பை எழுத உட்கார்ந்தாலும் அதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்கிறேன்.